செம்புக்குப் போட்ட கணக்கு

ஜூன் 3
பேரப்பிள்ளைகளில் பெரியவன் டில்லிபாபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஜெயஸ்ரீ நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. கடைக்குட்டி வினிதா எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து கம்பெனி வேலைக்குப் போகிறாள். எங்கள் முகத்துவாரக்குப்பத்து ஐஸ் உடைக்கிற மோட்டாருக்கு வயர் கணக்கு போட்டதும் அவள்தான். கரண்ட் கம்பத்திலிருந்து மீன் ஏலக்கொட்டகைக்கு நூற்றிருபது மீட்டர், ஆறு அளவு தடிமனில் செம்பு வயர் என்றாள். கடைக்குச் சீட்டு நான் எழுதினேன், ஐந்தாவது படித்த கையெழுத்தில். செம்பை மட்டும் அலுமினியம் என்று மாற்றினேன். செம்பென்றால் திருடர்கள் இரண்டே நாளில் அறுத்து விற்றுவிடுவார்கள், போன வருஷம் பார்த்ததுதானே. அளவு அதே ஆறு. அவளிடம் சொல்லவில்லை. இதற்கெல்லாமா சொல்வது?

ஜூன் 9
வயரிங் வேலை செய்கிற பாஸ்கர் வயரைக் குழாயில் விட்டு மண் மூடி, இணைப்பும் கொடுத்துவிட்டான். வினிதாவுக்கு டியூட்டி, வரவில்லை.

ஜூன் 11
மோட்டார் சுற்றவில்லை. உறுமிக்கொண்டே நின்றது, பிறகு புகை. ஐஸ் இல்லாமல் இரண்டு படகு மீன் கெட்டது. தலைவர் கோதண்டம் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாக்கா, உன் பேத்தி போட்ட கணக்குல காயில் எரிஞ்சிட்ச்சி. ஞாயித்துக்கெழம கூட்டத்துல வேற ஆள் பாத்துக்கறோம்."
நான் மாற்றின வயராலோ என்று ஒரு நினைப்பு வந்தது; அதெல்லாம் இருக்காது என்று வீட்டுக்கு நடந்தேன்.

ஜூன் 12
வினிதா சாப்பிடாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரியாதான் கீது ஆயா. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."
"எந்த வயரா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதானே?"
"அதெப்படி? செம்புக்குத் தடை எண் 0.018. அலுமினியம்னா 0.028. அது கரண்ட்ட ஜாஸ்தி தடுக்கும், மோட்டாருக்குப் போய்ச் சேர்ற வோல்டேஜ் கொறஞ்சிடும். இன்னும் தடியா போடணும்."
தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14
சொன்னால் குப்பமே சிரிக்கும். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண் தலை குனிஞ்சி நிக்கும் — என்னால.

ஜூன் 15
கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அவ செம்புன்னுதான் சொன்னா. சீட்டுல மாத்துனது நானு."
"டிப்ளமோ படிச்சது அவளா நீயாக்கா?" என்றார் கோதண்டம். எல்லாரும் சிரித்தார்கள். வினிதா சிரிக்கவில்லை.
"பத்து அளவு அலுமினியம் வாங்குங்க," என்று அவரிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "நாலு நாளா எனக்குப் படிப்பே வரலன்னு நெனச்சிகினு கெடந்தேன்," என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஜூன் 24
எரிந்த காயிலைக் கட்டி, புது வயரும் போட்டாயிற்று. காலையில் வினிதாவே சுவிட்சைப் போட்டாள். மோட்டார் சுற்றியது. கோதண்டம் வலை பின்னும் கொட்டகையின் வயரிங் வேலையையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்.
என்னோடு இன்னும் பேச்சில்லை. ஜெயஸ்ரீயிடம் சொல்லி அனுப்பினேன்: அவளை மோட்டார் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பச் சொல்லு. பேசாவிட்டால் பரவாயில்லை.