நாளைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாமாம்

ஆவணி 12, புதன்.

வேலை முடிந்து தந்திக் கந்தோரால் வரும் வழியில் பெரிய வாத்தியார் மறித்தார். நாளை பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாராம். "அக்காட மகள நாளைக்கு வீட்ட வச்சிருங்க தம்பி. திக்கித் திக்கி வெக்கப்பட்டுப் போகும், பாவம்" என்றார்.

அந்த இரக்கத்தை நான் நம்பவில்லை. இத்தனை மாதமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவளைக் கடைசி வாங்குப் பலகையில் இருத்தியவர்தானே. சோதனைக்கு நிற்காவிட்டால் அவளுக்கு அடுத்த வகுப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

வீட்டில் அவளை வாசிக்கச் சொன்னேன். நேரம் எடுத்தது, ஒரு சொல்லும் பிழையில்லை. தந்தி கம்பியில் விட்டு விட்டு வந்தாலும் முடியும்வரை காத்திருந்துதானே எழுதுகிறோம்!

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறன்" என்றேன்.

"நான் மு... முடிக்குமட்டும் அவர் இருப்பாரா மாமா?"

இருப்பார் என்று சொல்லிவிட்டேன். அந்த இன்ஸ்பெக்டர் எப்படிப்பட்டவரோ, யார் கண்டது.