பலகையில் யார் பெயர்

12.8.2002, திங்கள்

பட்டுக்கடைக்கு சாஃப்ட்வேர் எழுதுமுன், வேலை நடக்கும் வரிசையைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன்.

"குறையுள்ள சேலையைத் திருப்பி அனுப்புவது யார் சார்?"

"நான்தாம்பா," என்றார் முதலாளி. எழுதினேன்.

அவருடைய தம்பி மனைவி கோமதி எழுந்தார். "நீங்க எப்ப மாமா சேலையப் பிரிச்சிப் பார்த்தீங்க? நான்தான பாத்துக்கினு இருக்கேன்?"

"என் பேரே இருக்கட்டும்பா."

கோமதி என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, அவர் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். முதலாளி வெளியே போய்விட்டார்.

நாளை அந்தப் படத்தில் முதலாளியின் கையெழுத்து வாங்க வேண்டும். கோமதி பெயரை எடுத்துவிடச் சொல்கிறார் எங்கள் மேனேஜர். எடுத்தால் முதலாளி உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நான் எடுக்காமலே பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன்.