துருநோய் பார்க்காத சோயாவுக்கு என் மகன் பெயர் வேண்டாம்

அனுப்புநர்:
ஆ. தனலெட்சுமி,
மேல்பிரிவு லயம்,
கல்லருவித் தோட்டம், பசறை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
சோயா விதை ஆய்வுப் பிரிவு,
பதுளை.

விடயம்: எங்கள் தோட்டத்துச் சோயா துருநோயைத் தாங்கும் என்று எழுதிய முடிவை நீக்கி, மறுபடி விதைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்ளுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உங்கள் பிரிவில் வெளிக்கள உதவியாளனாக வேலை செய்த நிமலனின் தாய் நான். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே உள்ள நிலத்தில் பல வகைச் சோயாவை வரிசை வரிசையாக விதைத்து, எது துருநோயைத் தாங்குகிறது என்று பார்த்து வந்தவன் அவன்தான். போன மார்கழியில் டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டான்.

2. நடுநடுவே சீக்கிரம் நோய் பிடிக்கிற ஒரு வகையையும் அவன் விதைத்திருந்தான். "இது நோயைக் கூப்பிடுற வரிசைம்மா. இதுல வந்துதான் மத்ததுக்குப் பரவணும். மருந்து மட்டும் அடிச்சிராதீங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தான். அவன் படுக்கையில் விழுந்தபோது அந்த வரிசையில் இலைக்கு அடியில் துரு பிடித்து, மற்ற வரிசைகளுக்கும் ஏறத் தொடங்கியிருந்தது.

3. கருமாதி முடியும்வரை நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. அந்த நாட்களில் லயத்து ஆட்கள் செடியைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைதான் போய்விட்டான், அவன் வைத்த செடியாவது பிழைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். பெரியாயியும் மற்றப் பெண்களும் தேயிலைக் கொழுந்து எடுக்கிற கையாலேயே புள்ளி விழுந்த இலைகளை ஒன்று விடாமல் கிள்ளி எரித்துவிட்டார்கள். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் அடிக்கிற மருந்தைத் தம்பையா அண்ணன் எல்லா வரிசைக்கும் அடித்துவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இறங்கிப் போனபோது எல்லாம் பச்சையாக நின்றது. கேட்ட பிறகுதான் நடந்ததைச் சொன்னார்கள்.

4. பிறகு உங்கள் அதிகாரி வந்தார். இலைகளைப் பார்த்துவிட்டு எல்லா வகையும் நோயைத் தாங்கிவிட்டன என்று எழுதிக்கொண்டார். நடந்ததை அவரிடம் சொன்னேன். நோயைக் கூப்பிடுகிற வரிசையும் பச்சையாக நிற்பதைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காட்டினேன். அது நிற்கக் கூடாத செடி ஐயா. அவர், "வெத குடுக்கிற விழாவுக்கு நாள் வச்சாச்சும்மா. விதைக்குப் புள்ள பேரையே வைக்கப் போறோம். அவன் பேரு நெலைக்கட்டுமே, ஏன் வேணாங்கிறீங்க?" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

5. லயத்திலும் சண்டைதான். "ஒரு தாயி, மகன் செடி நோவுல சாகணும்னு கேப்பாளா? ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சுடி" என்று பெரியாயி தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னும் ஏசினாள். ஏசட்டும். அடுத்த மாதம் நான்காம் தேதி பசறையில் அந்த விதையைக் கொடுத்தால், வாங்குகிறவர்கள் நம்பி விதைப்பார்கள். மழையோடு துரு வந்து காய் பிடிக்காமல் இலை கொட்டினால், "நிமலன் சோயா ஏமாத்திருச்சு" என்றுதான் ஊர் பேசும். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

6. ஆகவே, அந்த முடிவை நீக்கி, விதை கொடுப்பதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மழைக்கு விதைக்கிற பெரும்போகத்தில் அதே நிலத்தில், நோயைக் கூப்பிடுகிற வரிசையோடு திரும்ப விதைக்க வேண்டும். காவலுக்கு நான் இருக்கிறேன். முதுகில் மருந்துத் தாங்கியை மாட்டிக்கொண்டு வருகிற ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். லயத்து ஆட்கள் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவர்கள் பாசத்தில் செய்தார்கள். தம்பையா அண்ணன் நடந்ததை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

7. பதில் வராவிட்டால் நான்காம் தேதி நானே பசறைக்கு வந்து, விதை வாங்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லுவேன். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். சொல்லாமல் வந்து நிற்பது மரியாதை இல்லை என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

நோய் வரட்டும் ஐயா. வந்த பிறகும் நிற்கிற செடி ஒன்று இருந்தால், அதற்கு அவன் பெயரை வையுங்கள். ஒன்றும் நிற்காவிட்டால், நிற்கவில்லை என்றே எழுதுங்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் அவன் வேலைக்குப் போனான்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ஆ. தனலெட்சுமி

சாட்சி: மு. தம்பையா, மருந்து அடிக்கும் தொழிலாளி

இடம்: பசறை
திகதி: 2025.02.18