வெள்ளித் தண்ணீருக்கு நான் ஆட்டிய தலை

அப்பா,

இன்று பரணில் அந்த எலிமினேட்டர் கிடைத்தது. பேட்டரிக்குப் பதிலாக ரேடியோவுக்கென்று வாங்கி, நீங்கள் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. இரண்டு வெள்ளிக் கம்பிகளும் கரி பூசியது போல இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. என் சின்ன வயதுக் கொலுசைத் தட்டானிடம் கொடுத்து நீட்டி வாங்கிய கம்பிகள்.

திருமுடிவாக்கம் பட்டறைத் தூசியில் உங்களுக்கு வந்த இருமலுக்கு யாரோ சொன்ன வைத்தியம். பேட்டரிக் கடையில் விற்கும் சுத்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கம்பிகளை அமிழ்த்தி, இந்த எலிமினேட்டரால் கரன்ட் விட்டால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகளாக இறங்கும். தினமும் அரை டம்ளர். பச்சைத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஆகிறதென்று அலுத்துக்கொண்டீர்கள்.

"சூடு பண்ணா கரன்ட் இன்னும் நல்லா ஓடும்பா" என்று சொன்னது நான்தான். அப்போது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம். நம் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. நம் போர் தண்ணீரை, அந்த உப்புத் தண்ணீரை, சுடவைத்து ஊற்றினீர்கள். ஐந்தே நிமிடத்தில் டம்ளர் பால் போல வெளுத்தது. பட்டறை நண்பர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாபா இது, சுண்ணாம்பு கணக்கா கீது?" என்றார் ஒருவர்.

"பவர் ஜாஸ்தியா எறங்கிகீது. என் பொண்ணு காலேஜ்ல இதத்தான் படிக்குது, கேளு. இன்னாமா, சரிதானே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். கல்லூரி லேபில் வாராவாரம் நான் பார்த்த வெண்மை அது. உப்பும் வெள்ளியும் சேர்ந்தால் வருவது, வெளிச்சம் பட்டால் கறுப்பது. குடிக்கும் பொருளே அல்ல. ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. உங்கள் முகம் வேறு சுண்டிப்போகும். தலையாட்டினேன்.

அதன்பின் நீங்கள் பேட்டரிக் கடைக்குப் போகவே இல்லை. தினமும் அந்த வெள்ளைத் தண்ணீர்தான்.

முதலில் நகங்கள் நீலம் பாய்ந்தன. எண்ணெய்க் கறை என்றீர்கள். பிறகு ஒரு காலை, தாம்பரம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்து வெயிலில் ஒரு சாம்பல் நீல முகம் என்னைப் பார்த்துக் கையசைத்தது. யாரோ என்று திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தேன். வீட்டின் மங்கல் பல்பில் தினமும் நான் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் முகம்.

தோல் டாக்டர் உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளி தோல்ல படிஞ்சிடுச்சு. இது இனிமே போகாது. யார் சொல்லிக் குடிச்சீங்க?"

நான் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டீர்கள். "என் பொண்ணு அப்பவே வேணாம்னுச்சு சார். நான்தான் கேக்கல."

ஒருநாளும் நான் அப்படிச் சொன்னதில்லை, அப்பா. தெரிந்தேதான் அன்று தலையாட்டினேன் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?

மாரடைப்பென்று உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டியூட்டி டாக்டர் பதறினார். "எவ்ளோ நேரமா இப்படி நீலமா இருக்காரு?"

"ரெண்டு வருஷமா சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் தலையாட்டினதால சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நீங்கள் கேட்கும் நிலையில் இல்லை; அதன்பின் கண் திறக்கவும் இல்லை.

இப்போதும் யாராவது என்னிடம் "சரிதானே?" என்றால் தலை ஆட மறுக்கிறது.

சற்றுமுன் அந்தக் கம்பிகளைப் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் கறுப்பு முழுக்கப் போய், கொலுசின் பழைய வெண்மை வந்துவிட்டது, அப்பா. அவ்வளவு சுலபமாக.