மீன்கொத்தியின் முதுகு

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. பல்கனிக் கதவைத் திறக்க முடியவில்லை. கடல் ஒரே சாம்பல்.

செய்ய வேண்டியவை: காஸ், லைட் பில், மீன்கொத்திப் படம்.

எங்கள் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வசந்தி கனடாவுக்கு, ரொறன்ரோ போய் ஐந்து மாதம். பேரனின் அறைச் சுவரில் மாட்ட, பாமன்கடை வாய்க்காலில் நான் எடுத்த மீன்கொத்திப் படத்தைப் பிரிண்ட் எடுத்து அனுப்ப வேண்டுமாம். தெரிவு செய்யப் போனில் இரண்டு அனுப்பினேன். ஒரே குருவி, ஒரே கம்பி. ஒன்றில் முதுகு நல்ல நீலம். மற்றதில் பச்சை கலந்த மாதிரி, ஆனால் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. முதலாவதுதான் சரி என்று எழுதினேன்.

உடனே வசந்தியின் போன் கோல்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு எப்பவும் நிறம் தெரியாது. ரெண்டாவதுதான் வடிவு. என்ர மயில்கழுத்துச் சாறி மாதிரி."

கோபம் வந்தது. குரல் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது. வழக்கமாக ஞாயிறில் மட்டும்தான் கோல் எடுப்பாள்.

15, புதன்

இன்றும் எடுத்தாள்!

"முதலாவது வெளிச்சம் பட்டு வெளுத்துப்போச்சு."

"நான் கண்ணால கண்ட நீலம் அது. நீர் அங்க இருந்துகொண்டு சொல்லாதையும்."



பின்னேரம் அலுமாரியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தேன், படத்தோடு ஒப்பிட. ஒப்பிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பூச்சி உருண்டை மணம்தான், அவளுடைய பவுடர் வாசம் துளியும் இல்லை. மடிக்கத் தெரியாமல் கதிரையில் போட்டுவிட்டேன்.

17, வெள்ளி

வெயில். கொட்டாஞ்சேனைக்குப் போய் இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன். அங்கே குடியிருந்த காலத்துக் கடை. பழைய முதலாளி இல்லை, அவருடைய மகள் நிற்கிறாள். கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அங்கிள், ரெண்டும் ஒரே கலர் தானே?"

உண்மைதான். போனில் தெரிந்த வித்தியாசம் கடதாசியில் இல்லை. தலை திரும்பியது மட்டும்தான் வித்தியாசம். அப்படிப் பார்த்தால் வசந்தி சொன்ன படமே நல்லது.

இரவு வசந்தி எடுத்துக் கேட்டாள், "பிரிண்ட் எடுத்தீங்களோ?"

"இன்னும் இல்லை. முதலாவதுதான் நல்லம்."

பொய். விட்டுக்கொடுத்தால் கதை முடிந்துவிடும், திரும்பவும் ஞாயிறு மட்டும். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்கவே முடியவில்லை.

19, ஞாயிறு

கடை இடியப்பம். சொதி புளித்துவிட்டது. கொட்டினேன்.

வசந்தி எடுத்தாள். மீன்கொத்தி பற்றிப் பேச்சே இல்லை.

"மகள் விசாவை இன்னும் ஆறு மாசம் நீட்டச் சொல்லுறாள். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

'உம்மட விருப்பம்' வாய்வரை வந்தது. முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில்.

"ஏலாது வசந்தி. நீர் வாரும்" என்றேன்.

 

"அப்ப படத்தை இப்ப அனுப்பிப் போடாதேங்கோ" என்றாள். "ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வையுங்கோ. நான் வந்து பாத்துச் சொல்லுறன்."

எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். அங்கே பேரன் அழத் தொடங்கினான். வைத்துவிட்டாள்.