குருவி வலை

அன்பு மகளுக்கு,

உன் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலைக்கு மேலே மீன்வலை கட்டியிருக்கிறார்கள், டிரோன் அதில் சிக்கிக்கொண்டால் ஆம்புலன்ஸ் தப்பிவிடும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். உக்ரைன் சமாச்சாரமெல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வருகிறது.

இங்கே புக்கெகோஹி தோட்டத்தில் ஸ்ட்ராபெரியைக் குருவி கொத்தாமலிருக்கப் போர்த்தும் வலை, பழசானால் குப்பைக்குத்தான். முதலாளியிடம் கேட்டு வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிழிசலைத் தைத்தேன்.

"குருவிக்குப் போடுறதுங்க இது. தாங்குமா?" என்றாள் அம்மா.

"தாங்க வேணாம். டிரோனோட இறக்கையில சுத்திக்கிட்டா போதும்" என்றேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அங்கே இறுக்கிக் கட்டிவிடப்போகிறார்கள், தொய்வாக விடச் சொல்.

நேற்று, அங்கே அனுப்பும் வலை மூட்டைகளைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போக லாரி வந்தது. நீ புறப்பட்ட அன்று வாசலில் நின்று உன்னிடம் "போ" என்று மட்டும் சொன்னேன். யாரையும் அப்படி அனுப்பக் கூடாதென்று எனக்குத் தெரியாதா?

லாரி நகரும்போது ஒரு மூட்டையைத் தட்டி, "போயிட்டு வா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

வலை திரும்பி வர வேண்டியதில்லை.

அப்பா