தாளில் வராத தெரு

அன்புள்ள ஜோதி,

மாதா காவலில் நீயும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஷார்ஜாவில் எனக்குக் குறையில்லை, வெயில்தான் ஜாஸ்தி.

பழைய சாஃப்ட்வேரில் வரைந்த படங்களை லேசர் பிரிண்டுக்கு மாற்றுவதுதான் இப்போது என் வேலை. சோதித்துப் பார்க்க, சிதம்பரத்திலிருந்து வரவிருந்த உன் சொந்தங்களுக்காக அன்று நம் கல்யாணப் பத்திரிகையில் நான் வரைந்த வழிப்படத்தைத் திறந்தேன். திரையில் எல்லாம் இருந்தது. தாளில் தேவனாம்பட்டினம் மெயின் ரோடு வந்தது, நம் தெருவைக் காணோம். தலைமுடி மாதிரி மெல்லிசாகப் போட்ட கோடு லேசர் பிரிண்டில் விழாது. தெருவின் கோட்டைத் தடிமனாக்கினேன்.

பக்கத்து சீட் சிலம்பரசன் எட்டிப் பார்த்து, "இன்னா மச்சான், ஹைவே போட்டுட்ட?" என்றான்.

தெருமுனை அடிபம்பு இன்னும் இருக்கிறதா? பார்த்துச் சொல், அதையும் வரைய வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் சிலம்பரசன் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளக் கீழே காத்திருக்கிறான். பிரிண்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் மெயின் ரோட்டைவிட நம் தெருதான் அகலம். குறைக்க மனசு வரவில்லை.

சகாய ஆனந்த்